ஓரத்துண்டுப் பை

அவளுடைய பெயரைச் சொல்லி இறைச்சி வெட்டும் அந்தக் கூடத்தில் யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மில்லியக்கா. இறைச்சித் துண்டின் மேல் மூன்று மில்லிமீட்டர் கொழுப்பு இருக்கலாம், அதற்கு மேல் இருக்கக் கூடாது என்பது தொழிற்சாலையின் சட்டம். மற்றவர்கள் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்த்து வெட்டுவார்கள். அவள் கண்ணாலேயே வெட்டுவாள். ஒரு முறை தரம் பார்க்க வந்த அதிகாரி அவள் மேஜையிலிருந்து இருபது துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றுகூட மூன்று மில்லியைத் தாண்டவில்லை. அளவுகோலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

பத்தொன்பது வருட வேலை. கூடம் எப்போதும் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம் போல இருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ், இடது கையில் இரும்பு வளையங்கள் கோத்த உறை, காதில் பஞ்சு, வலது கையில் கத்தி. ஓடும் பெல்ட்டில் துண்டுகள் வந்துகொண்டே இருக்கும். கொழுப்பு வெள்ளைத் தொட்டிக்கு, இறைச்சி சிவப்புத் தொட்டிக்கு. காலை ஏழு மணிக்கு நின்றால் மதியம் மூன்றரைக்குத்தான் கால் தன்னுடையது என்ற நினைப்பு வரும். வலது மணிக்கட்டு மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் வெட்டிக்கொண்டே இருப்பது போல உள்ளுக்குள் துடிக்கும்.

அந்த வேலையில் ஒரு வசதி இருந்தது. நல்ல இறைச்சிதான், ஆனால் வடிவம் சரியில்லை, பெட்டியில் அடுக்க முடியாது என்று ஒதுக்கப்படும் துண்டுகளுக்கு ஓரத்துண்டு என்று பெயர். வாரத்தில் மூன்று நாள், ஷிப்டு முடிந்ததும் அவற்றைப் பைகளில் கட்டி ஆட்களுக்குக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் கிடைக்காது. பட்டியலில் நாற்பது பேருக்குத்தான் இடம். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் வெளியே காத்திருக்கும் அடுத்தவர் உள்ளே வர முடியும். அவள் ஏழு வருடம் காத்திருந்து நுழைந்தவள். மகள் பள்ளிக்கூடம் முடித்தது, கணவன் நகரப் பேருந்தை ஓட்டியது எல்லாம் அந்தப் பையின் தெம்பில்தான் என்று அவள் நம்பினாள். அவள் வீட்டில் காலையிலும் இரவிலும் கறி இருந்தது. சாயங்காலம் எதையாவது கொறிக்கக் கேட்டாலும் கறிதான் வறுபட்டது. கறி இல்லாத தட்டை அவள் கணவன், "என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுத் தள்ளி வைப்பான்.

அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பேருந்து ஓட்டுநர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை உடல் தகுதிப் பரிசோதனை உண்டு. டெப்போ மருத்துவர் கையெழுத்துப் போட்டால் வண்டி. போடாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். போன பரிசோதனையில் ரத்த அழுத்தம் எல்லையைத் தொட்டிருந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் எல்லையைத் தாண்டியே போயிருந்தது. மருத்துவர் ஒரு வருடக் கையெழுத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்கு மட்டும் போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"கொழுப்பக் குறைக்கணுமாம். ஆறு மாசத்துல மறுபடி பாப்பாராம். அப்பவும் இப்படியே இருந்தா, வண்டி கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற என்னவோ ஒரு சீட்டு குடுத்தாரு. என்னென்ன திங்கணும், திங்கக் கூடாதுன்னு. பஸ்லயே விட்டுட்டேன் போல. கொழுப்புன்னுதான் நாலு தடவ சொன்னாரு."

அவள் சிரித்துவிட்டாள். "கொழுப்பா? ஊருக்கே நான்தான் கொழுப்பு எடுக்கிறேன். வீட்டுக்கு எடுக்க மாட்டேனா?"

அப்படித்தான் அந்த ஆறு மாதம் தொடங்கியது.

எட்டு மணி நேரம் நின்று வெட்டிவிட்டு வந்தவள், வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மறுபடி வெட்டினாள். தொழிற்சாலையில் மூன்று மில்லிமீட்டர் என்றால் வீட்டில் சுழியம். மேல் கொழுப்பைச் சீவினாள். தசைக்கும் தசைக்கும் நடுவில் ஓடும் வெள்ளைக் கோட்டைக் கத்தி முனையால் நிமிண்டி எடுத்தாள். சவ்வை உரித்தாள். ஒரு பை இறைச்சிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வெட்டி முடித்தால் துண்டுகள் செங்கல் பொடியில் புரட்டியது போலச் சிவப்பாக, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லாமல் கிடக்கும். அதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. கால் வலியும் இருந்தது.

"ஏம்மா, இங்கயும் ஷிப்டா?" என்றாள் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகள். "ஒரு நாளைக்குக் கொஞ்சம் பயறு வேக வெச்சாதான் என்ன? ஒரு மணி நேரம் ஒக்காரலாம்ல?"

"பயறு தின்னுட்டு உங்கப்பா அவ்வளோ பெரிய ஸ்டியரிங்க எப்படித் திருப்புவாரு? நீ வந்து தள்ளி விடுவியா?"

"பவர் ஸ்டியரிங்மா. சுண்டு விரலாலயே திருப்பலாம்."

"உனக்கு எல்லாம் தெரியும், போ."

கணவன்தான் குறை சொன்னான். கொழுப்பு போன இறைச்சி வேகவும் மாட்டேன் என்றது, மெல்லவும் விடவில்லை. "டயர் பஞ்சர் ஒட்ற கடையில வாங்குனியா?" என்று கேட்டான் ஒரு நாள். இரண்டு நாள் கழித்து, மென்று மென்று தாடை வலிக்கிறது என்றான்.

அப்போதுதான் அவளுக்கு ஈரல் நினைவுக்கு வந்தது.

ஓரத்துண்டுப் பைகளில் சில, ஈரலும் சிறுநீரகமுமாக வரும். அது யார் கைக்கு வருகிறதோ அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். உடை மாற்றும் அறை வாசலில் மாற்றிக்கொள்வது வழக்கம். ஒரு இறைச்சிப் பை கொடுத்தால் இரண்டு ஈரல் பை கிடைக்கும். அவள் ஈரலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு துளி வெள்ளை இல்லை. சீவ வேண்டியதும் இல்லை, உரிக்க வேண்டியதும் இல்லை. பத்தொன்பது வருடம் கொழுப்பையே பார்த்த கண், இங்கே கொழுப்பு இல்லை என்று சொன்னது. அந்தக் கண்ணை அவள் ஏன் சந்தேகிக்கப் போகிறாள்?

"எங்கிட்ட நாலு பை ஈரல் சேந்துடுச்சு, மில்லியக்கா, எடுத்துக்கறியா?" என்று எதிர்மேஜைக்காரி கூப்பிட்டுக் கொடுத்தாள். "உன் வீட்டுக்காரர் புலியா, மனுசனா?"

"டிரைவர்டி. புலிக்கு பிரேக் போடத் தெரியாதே."

ஈரல் கணவனுக்குப் பிடித்துப் போயிற்று. மெத்தென்று இருந்தது. வாரத்தில் நான்கு நாள் ஈரல், ஒரு நாள் சிறுநீரகம், மீதி நாள் கொழுப்பு நீக்கிய இறைச்சி. டாக்டர் சொன்னபடி நடக்கிறோம் என்று அவன் டெப்போவில் நாலு பேரிடம் சொன்னான். அவளும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது.

ஐந்தாவது மாதம், ஒரு விடிகாலை. அவன் நாலரை மணிக்கு எழுந்து கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தவன், வைத்த வேகத்தில் கத்திக்கொண்டு மேலே தூக்கினான். அவள் விளக்கைப் போட்டாள். வலது கால் பெருவிரலின் அடிமூட்டு தக்காளி போலச் சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியிருந்தது. போர்வை நுனி பட்டதற்கே பல்லைக் கடித்தான்.

"எங்கயாவது இடிச்சிக்கிட்டீங்களா?"

"கனவுலதான் இடிச்சிருக்கணும்."

"இன்னிக்கு லீவு சொல்லுங்க."

"முதல் வண்டி என்னோடது. இப்பப் போய் சொன்னா யாரு வருவா? நடக்க நடக்கச் சரியாயிடும்."

ஷூ நுழையவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, குதிகாலை மட்டும் ஊன்றி நொண்டிக்கொண்டே போனான்.

அவள் வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும் நேரத்தில், டெப்போ வேன் வந்து வாசலில் நின்றது. அவனை இறக்கிவிட்டுப் போயிற்று. அவன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கும்." காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஷெட்டுலேர்ந்து வண்டிய எடுத்தேன். கேட்டுப் பக்கத்துல டீசல் போடற பையன் குறுக்க வந்தான். பிரேக்க மிதிச்சேன். மிதிச்சேன்னு நெனச்சேன். வெரலு போகல. வலி தாங்காம காலு தானா பின்னால வந்துடுச்சு. கைப்பிரேக்க இழுத்து நிறுத்துனேன். அவனுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு முழம்."

"அவனுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவன் பாட்டுக் கேட்டுக்கிட்டே போயிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல." அவன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்தான். "ஆள் ஏறறதுக்கு முன்னாடி இது நடந்துச்சு. நானே போய் சாவியக் குடுத்துட்டேன்."

இருபத்தாறு வருடத்தில் அவன் சாவியை ஷிப்டு முடியாமல் கொடுத்ததில்லை. அவளும் அன்று வேலைக்குப் போகவில்லை.

ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் தாறுமாறாக ஏறியிருந்தது. கெட்ட கொலஸ்ட்ரால், குறைந்திருக்கும் என்று இருவரும் நம்பியது, முன்பைவிடச் சற்றுக் கூடியிருந்தது. டெப்போ மருத்துவர் மாத்திரைகளை எழுதிக்கொடுத்துவிட்டு, "சாப்பாடு மாறாம மாத்திரை மட்டும் என்ன செய்யும்?" என்று உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். வண்டிக்குத் தடை போட்டார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. அதிலும் தேறாவிட்டால் ஓட்டுநர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அவளையும் கூட வரச் சொன்னது அவர்தான். "சமைக்கறவங்க யாரோ அவங்கதான் கேக்கணும்" என்றார்.

உணவு ஆலோசகர் இருந்த அறை படிக்கட்டுக்குக் கீழே, ஒரு மேஜையும் மூன்று நாற்காலியும் போடும் அளவுக்கு இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு தாளை எடுத்தாள்.

"போன வாரம் முழுக்க வீட்ல என்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எப்படிச் சீவுகிறாள், எப்படி நரம்பு நரம்பாக எடுக்கிறாள், தொழிற்சாலையில் மூன்று மில்லி, வீட்டில் சுழியம். பிறகு ஈரலைப் பற்றிச் சொன்னாள். அதில் சீவக்கூட ஒன்றும் இல்லை என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் பேனா நின்றது.

"ஈரல் வாரத்துக்கு எத்தன நாள்னு சொன்னீங்க?"

"நாலு நாள்."

"எத்தன மாசமா?"

"மூணு... மூணரை மாசமா."

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, நீங்க சீவி எடுத்தது கண்ணுக்குத் தெரியற கொழுப்பு. அது நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா ஆட்டுக்கறி, மாட்டுக்கறி மாதிரி சிவப்புக் கறியில தசைக்குள்ளயே கொழுப்பு கலந்திருக்கும். அதுக்கு உங்க கத்தி போகாது. ஈரல்ல வெள்ளையா எதுவும் தெரியாது, ஆனா கொலஸ்ட்ரால் நெறைய. அது மட்டுமில்ல, ஈரல், சிறுநீரகம் எல்லாம் உடம்புக்குள்ள போய் யூரிக் அமிலமா மாறும். அதுதான் அவர் விரல் மூட்டுல போய் கண்ணாடித் தூள் மாதிரி படிஞ்சிருக்கு."

கணவன் தன் காலைப் பார்த்தான். அவள் தன் கையைப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?"

"யாரும் சொல்லலையேம்மா உங்களுக்கு. கொழுப்புன்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க."

"சீட்டுல இருந்திருக்கும்," என்றான் கணவன் மெதுவாக. "சீட்ட நான்தான் பஸ்ல விட்டேன்."

பிறகு அந்தப் பெண் நிறுத்தாமல் சொன்னாள். தினமும் பத்துப் பேருக்குச் சொல்வது, அவளுக்கே அலுத்திருந்தது. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. ஈரல், சிறுநீரகம் அறவே கூடாது. சிவப்பு இறைச்சி வாரத்துக்கு ஒரு தடவை, விரல்களை விட்டு உள்ளங்கை அளவு. உப்பிலிட்டது, புகை போட்டது, டப்பாவில் வருவது எதையும் தொட வேண்டாம். அப்படிப்பட்ட பதப்படுத்திய இறைச்சியை வருடக்கணக்காக நிறையச் சாப்பிடுபவர்களுக்குக் குடலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, சிவப்பு இறைச்சி தினமும் தின்பதிலும் அந்தப் பயம் உண்டு, இதயத்துக்கும் நல்லதில்லை. அது உங்கள் எல்லோருக்கும்தான், அவருக்கு மட்டுமில்லை.

"அப்ப தெம்புக்கு?" என்று கேட்டாள் அவள். இத்தனை வருடத்தில் அவளிடம் இருந்த ஒரே கேள்வி அதுதான்.

"பயறு, பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை. தினம் ஒண்ணு மாத்தி மாத்தி வையுங்க. முட்டை. தயிர், பால், ஏடு எடுத்தது. ரெண்டு நாள் தோல் எடுத்த கோழி, அளவா. மீனும் சாப்பிடலாம், நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீன் மட்டும் இப்போதைக்கு வேணாம். ஒரு கைப்பிடி கடலை. தண்ணி நெறைய."

"பயறுலயும் அந்த யூரிக் வரும்னு டெப்போவுல ஒருத்தன் சொன்னானே?" என்றான் கணவன்.

"அதுலயும் கொஞ்சம் இருக்கு. ஆனா கறியில வர்ற மாதிரி அது இந்த நோவ கூட்டறதில்லன்னு பாத்திருக்காங்க. பயப்படாம சாப்பிடுங்க. டெப்போக்காரர் சொன்னதுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கிட்டிருந்தா எனக்கு ஜலதோஷம் போகாது."

வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அத்தனை சாயங்காலம் நின்று சீவியது கால்களில் திரும்ப வந்து ஏறியது போலக் கனத்தது.

ஆனாலும் பையை அவள் உடனே விடவில்லை. ஏழு வருடம் காத்திருந்து வாங்கிய இடத்தை எப்படி விடுவது? இன்னும் இரண்டு வாரம் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். வாங்கி உறைபெட்டியில் அடைத்தாள். "ஆகாத பொருள இவ்வளவு பத்திரமா யாரும் வெக்க மாட்டாங்கம்மா" என்றாள் மகள். பனிக்கட்டி வைக்க இடமில்லை, பட்டாணிப் பொட்டலம் வைக்க இடமில்லை. பெட்டியின் கதவு மூட மறுத்தது. வீட்டில் இறைச்சி இருக்கும்வரை கணவனின் கண் அந்தக் கதவுக்குத்தான் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தன் கண்ணும்தான்.

மூன்றாவது வாரம் மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"பட்டியல்லேர்ந்து என் பேர எடுத்துடுங்க, சார்."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எடுத்துட்டா கடைசி ஆளாத்தான் மறுபடி நிக்கணும். தெரியும்ல? வெளிய பதினெட்டுப் பேரு நிக்கறாங்க."

"தெரியும்."

"யோசிச்சு நாளைக்கு சொல்லுங்க."

"நாளைக்கு வந்தா எடுக்காதீங்கன்னு சொல்லிடுவேன். இப்பவே அடிச்சிடுங்க."

செய்தி மதிய இடைவேளைக்குள் எல்லா மேஜைக்கும் போய்விட்டது. "மில்லியக்கா சாமியாராயிட்டாங்கப்பா" என்று ஒருத்தி சொல்ல, "கத்திய எங்க மாட்டுவீங்க, கமண்டலத்துலயா?" என்று இன்னொருத்தி கேட்டாள். காத்திருந்தவர்களில் முதல் ஆளாக இருந்த இளம்பெண் ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், மாமியார், வேலையில்லாத கணவன். "உங்கள மறக்கவே மாட்டேன்கா." பை வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல அவள் யார்?

"தினமும் வெக்காத" என்று மட்டும் சொன்னாள். "ஈரல் வந்தா மாத்தி வாங்கிச் சேக்காத."

அந்தப் பெண் தலையாட்டினாள். கேட்டதா என்பது சந்தேகம்.

கொண்டைக்கடலை அவளுக்குப் புதிது. முதல் நாள் ஊற வைக்காமல் நேராக அடுப்பில் ஏற்றினாள். இரண்டு மணி நேரம் கொதித்தும் அது கோலிக்குண்டாகவே இருந்தது. இறைச்சி எவ்வளவு நேரத்தில் வேகும் என்று அவள் கைக்குத் தெரியும். இதற்கு எந்தக் கையும் உதவவில்லை. மகள்தான் கைபேசியைப் பார்த்துச் சொன்னாள், எட்டு மணி நேரமாவது ஊற வேண்டுமாம். முதல் வாரம் மூன்று பேர் வயிறும் சேர்ந்து இரைச்சல் போட்டது.

"நல்ல வேளை, எனக்கு இப்ப வண்டி இல்ல" என்றான் கணவன். "முன்வாசல் வழியா எல்லாப் பயணியும் எறங்கி ஓடியிருப்பாங்க."

"அப்பா, ப்ளீஸ்."

"கண்டக்டர் முதல்ல ஓடுவான்."

மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சமையலறையில் கேட்ட சிரிப்பு. அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே பாத்திரத்தைக் கழுவினாள்.

டெப்போவில் கணவனுக்குத் தொலைந்த பொருள் அறையில் வேலை போட்டிருந்தார்கள். பயணிகள் விட்டுச்சென்ற குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு முறை ஒரு பல்செட்டு. அவன் காலை முதல் மாலை வரை அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். "தொலைஞ்சதெல்லாம் இங்கதான் வருது. நானும் வந்துட்டேன்" என்றான் ஒரு நாள். நகைச்சுவையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

ஆறாவது வாரம் துணி துவைக்க எடுத்தபோது, அவன் சட்டைப் பையில் எண்ணெய் ஊறிய காகிதம். விரித்துப் பார்க்க வேண்டியதில்லை. உப்பும் புகையும் கலந்த அந்த வாசனை அவளுக்குத் தெரியாதா? அவள் தொழிற்சாலையின் அடுத்த கூடத்தில் செய்யும் புகை போட்ட கறிதான்.

காகிதத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு துண்டுதான்" என்றான்.

அவள் காகிதத்தை அவன் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

"சரி, நாலு. கேன்டீன்ல எல்லாரும் திங்கறாங்க. நான் மட்டும் டப்பாவத் தொறந்து மொச்சைய எண்ணிக்கிட்டிருக்கேன். பாக்கறவன்லாம் எவ்வளவு நாளைக்குன்னு கேக்கறான்."

"எனக்கு உங்களோட சண்டை போடத் தெம்பில்லைங்க." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நெசமாவே இல்ல. எட்டு மணி நேரம் கறிக்கு நடுவுல நிக்கறேன். வீட்டுக்கு வந்து பயறு ஊறப் போடறேன், முளை கட்டறேன், கோழிக்குத் தோல் உரிக்கறேன். அதுக்கு மேல உங்க சட்டைப் பையயும் மோந்து பாக்கணும்னா என்னால ஆகாது. காலு உங்களோடது. பிரேக்கும் உங்களோடது. அந்தப் பையன் உங்க வண்டிக்கு முன்னால வந்ததும் நீங்க பாத்ததுதான். திங்கறதுன்னா தின்னுங்க. என்கிட்ட ஒளிக்காதீங்க, அவ்வளவுதான்."

அவன் காகிதத்தை மடித்தான். மடித்ததை மேலும் மடித்தான். இனி மடிக்க முடியாது என்றான பிறகு எழுந்து போய்க் குப்பையில் போட்டான். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை அவன் கேன்டீனில் சாப்பிடவில்லை, குடைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான் என்று அவள் பிறகுதான் தெரிந்துகொண்டாள். ஒரு முறையும் சறுக்கவில்லை என்று சொல்ல முடியாது. மகள் பிறந்த நாளன்று அவன் தட்டில் உள்ளங்கை அளவு இறைச்சி வைத்தபோது, "விரலையும் சேத்து அளக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

மறுபரிசோதனை நாளன்று அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இரண்டு பேர் வரவில்லை, பெல்ட் நிரம்பிக்கொண்டிருந்தது. கூடத்துக்குள் கைபேசி கொண்டுபோகவும் கூடாது. காலை பத்து மணிக்கு ரத்தம் எடுப்பார்கள், பன்னிரண்டுக்கு முடிவு வரும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வரை ஒழுங்காக வெட்டினாள். பன்னிரண்டுக்குப் பிறகு வெட்டிய ஒரு துண்டை மேற்பார்வையாளர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஐந்து மில்லி இருந்தது.

"மில்லியக்காவுக்கே ஐஞ்சு மில்லியா!"

"குடுங்க, மறுபடி எடுக்கறேன்" என்றாள். அவர் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்மேஜைக்காரி விஷயம் தெரிந்தவள். கத்தியைத் தீட்டுவது போல அவள் பக்கம் வந்து, "மூணரைக்கு உன் மேஜையையும் நான் சுத்தம் பண்ணிக்கறேன். நீ கிளம்பு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காலிலும் ஷூ போட்டிருந்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தாறு வருடம் சாலையைப் பார்த்த முகம், அப்படித்தான் இருக்கும்.

"சொல்லுங்க."

"யூரிக் எறங்கிடுச்சு. காலு தேறிடுச்சுன்னு சொல்லிட்டாரு. ஒரு பெடலக் குடுத்து மிதிக்கச் சொன்னாரு, மிதிச்சேன்."

"கொலஸ்ட்ரால்?"

"கொறஞ்சிருக்கு. பத்தாதாம். இன்னும் கொஞ்சம் எறங்கணுமாம்."

"கையெழுத்து?"

"போட்டாரு. மூணு மாசத்துக்கு." விரல்களைப் பிரித்துக் காட்டினான். "மூணு மாசத்துக்கு மட்டும். சின்ன ரூட்டு, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் நடுவுல. மறுபடி ரத்தம், மறுபடி முடிவு. இப்படியே ஓய்வு பெறற வரைக்கும் மூணு மூணு மாசமா பிச்சுப் பிச்சுத் தருவாரு போல."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாள். தொண்ணூறு நாள் என்றால் தொண்ணூறு மதியச் சாப்பாடு, தொண்ணூறு டப்பா. அதற்கப்புறம் இன்னொரு தொண்ணூறு. கூட்டிப் பார்க்க முடியவில்லை. கூட்டவும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"எப்பலேர்ந்து?"

"நாளைக்கு. முதல் வண்டி. அஞ்சே காலுக்கு."

"அப்ப நாலரைக்கு முட்டை வெந்திருக்கணும்."

"எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டும் முழுசா?"

"ஒண்ணு முழுசா. ஒண்ணுல வெள்ளை மட்டும்."

"அந்த மஞ்சள யாரு திம்பா?"

"நான் தின்னுக்கறேன். தூங்கற நேரத்துல கணக்கு கேக்காதீங்க."

"மணி அஞ்சுகூட ஆகல."

"எனக்கு ஆயிடுச்சு" என்று சொல்லி, அவள் கட்டிலில் போய்ப் படுத்தாள். உடை மாற்றவில்லை. கண்ணை மூடிய பிறகும் அவன் நடப்பது கேட்டது. இரண்டு காலும் ஒரே அழுத்தத்தில் தரையில் விழுந்தன. சமையலறையில் ஏதோ பாத்திரத்தை எடுத்தான், தவறான பாத்திரம், சத்தத்திலேயே தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா," என்று அங்கிருந்தே கூப்பிட்டான், "கொண்டைக்கடலைய எவ்வளவு தண்ணியில ஊறப் போடணும்?"

"முழுகற மாதிரி" என்றாள். "அதுக்கு மேல இன்னும் கொஞ்சம்."